பாலத்தின் மேல் ஒரு மஞ்சள்

காலையிலேயே மாமியார் ஜாடைப் பேச்சை ஆரம்பித்துவிட்டாள்.

"டீ ஆறிப்போகுது, எடுத்துக் குடிக்கச் சொல்லுங்க," என்றாள் கணவரைப் பார்த்து.

டீ யாருக்கு? பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த மருமகளுக்கு. மாமனாரோ பழைய துணியில் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதையும் காதில் வாங்கவில்லை. மருமகள் தானாகவே எடுத்துக் குடித்தாள். இந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு இப்படிச் சுற்றி வளைத்துத்தான் நடக்கிறது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டின் ஒரே பிள்ளை, மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பெண்டாட்டியோடு சண்டை போட்டான். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அன்று மத்தியானம் ஊரையே புரட்டிப்போட்ட புயல். குன்றடியில் இருந்த ஓடைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளை வீடு திரும்பவில்லை.

"பாலத்துப் பக்கம் வந்தாரா?" என்று போலீஸ் கேட்டபோது, ஓவியரான அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"காலையிலேருந்து நான் அங்கதானே நின்னு வரைஞ்சிட்டிருந்தேன். அவன் அந்தப் பக்கமே வரலை."

அங்கேயே இருந்தவர் சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன பேச்சு? ஓடையில் யாரும் இறங்கித் தேடவில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப்போனவன் என்று முடிவுகட்டிப் போலீஸ் கைகழுவிவிட்டது. அன்றிலிருந்து அம்மா தினமும் பிள்ளையின் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். வருகிற போகிற டிரைவர், கண்டக்டர் எல்லோரிடமும் காட்டுகிறாள். மருமகளோடு ஒரு வார்த்தை நேராகப் பேசுவதில்லை. பிள்ளையை வீட்டை விட்டு விரட்டியவளோடு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

மருமகளும் மறுத்துப் பேசவில்லை. "உங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலை" என்று அன்று காலை கத்தியது அவள்தானே. கோபத்தில் சொன்னதுதான். எந்த வீட்டில் யார் சொல்லவில்லை? ஆனால் சொல்லப்பட்டவன் வாசலைத் தாண்டிப் போனவன் போனவன்தான். என்னைப் பிடிக்காமல்தான் போய்விட்டார் என்ற நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றுகொண்டிருந்தது.

அது போகட்டும். இன்றைய கதைக்கு வருவோம்.

"படத்தை எடுத்துட்டுப் போம்மா," என்றார் மாமனார். "சாயங்காலம் வேன் வந்துடும். அதுக்குள்ள சட்டம் போட்டாகணும்."

புயல் அடித்த அன்று குன்றின் மேல் நின்று அவர் வரைந்த படம். அன்றிலிருந்து அவருடைய அறையில் சுவரைப் பார்த்தபடி திரும்பியே கிடந்தது. போன வாரம் கண்காட்சிக்காரர்கள் வந்து அதைத் திருப்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். முடியவே முடியாது என்றவர் இரண்டு நாள் கழித்து, சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். ஏன் மனம் மாறினார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மருமகள் வேலை செய்வது சட்டம் போடும் கடையில். அதனால் வேலை அவள் தலையில் விழுந்தது.

துணி சுற்றிய படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, மாமனார் பிடியை விடாமல் நின்றார். "மேசையில படுக்க வெச்சே வேலையை முடிச்சிடு. அங்க இங்க மாட்டிப் பாக்க வேணாம். பெயின்ட் இன்னும் உள்ள காயலை."

"சரி மாமா."

ஓவியத்தைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்படிப் பழக்கிவைத்திருக்கிறார். வரைந்துகொண்டிருக்கும்போது உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்கினாரென்றால், எதிரே யார் இருந்தாலும் அப்படியே நின்றுவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மருமகள் ஈரத்துணி வாளியோடு கொல்லையில் போகும்போது கை எழுந்தது. விவரம் தெரியாமல் அவள் இன்னும் ஓர் அடி வைக்க, "நில்லு!" என்று கணவன் உள்ளேயிருந்து பதறினான். தோள் இற்றுவிழும்வரை வாளியோடு நின்றாள் பாவம். "இந்த வீட்டுல மூச்சு விடணும்னாகூட அப்பா கையைப் பாத்துத்தான் விடணும்," என்று அவன் அப்புறம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். ஒருமுறை மாமியார் அப்படி நின்றதில் அடுப்பில் பால் முழுக்கப் பொங்கி வழிந்தது. அப்போதும் அவள் அசையவில்லை.

நிற்பதில் கெட்டிக்காரன் பிள்ளைதான். குழந்தையிலிருந்தே அசையாமல் நிற்பான். அப்பா அவனுக்கு வைத்த செல்லப்பெயரே சிலை.

கடைக்காரரை எல்லோரும் ஆணி என்பார்கள். எந்நேரமும் உதட்டிடுக்கில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டே இருப்பார், பேசுவதும் அந்த ஆணிகளுக்கு நடுவில்தான். புதிதாக வருகிற வாடிக்கைக்காரர்கள் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

மருமகள் படத்தின் துணியை விலக்கினாள். அவள் இத்தனை நாள் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். கிட்டத்தில் பார்க்க ஒன்றுமே புரியவில்லை. கரும்பச்சை, ஈய நிறம், சேற்று நிறம், எல்லாம் கத்தியால் வழித்து அப்பினாற்போல் தடித்தடியாக இருந்தது. மேல்பாகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஈரப் பெயின்ட்டில் மழைத்துளி விழுந்த தடம் என்று அவளுக்குத் தெரியும். மழைக்குள் நின்றும் விடாமல் வரைந்திருக்கிறார் மனிதர்.

அவள் கட்டையை அளந்து அறுத்தாள், மூலைகளில் பசை வைத்துச் சேர்த்தாள், இறுக்கிப் பிடித்தாள். ஆணி வந்து ஆணி அடித்தார். மாமனார் சொன்னபடி படம் மேசையிலேயேதான் கிடந்தது. எல்லாம் முடிந்ததும் அவள் துணியைத் தேடினாள்.

"இரு இரு. தொங்கவிட்டுக் கோணல் பாக்காம ஒரு சட்டம்கூட என் கடையிலேருந்து வெளிய போனதில்லை," என்றார் ஆணி.

"மாட்ட வேணாம்னு மாமா சொல்லியிருக்காரு."

"உன் மாமாவுக்கு வரையத் தெரியும், சட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே தூக்கிக் கடையின் பின்சுவரில் மாட்டிவிட்டார். படத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கடை வாசல்வரை வந்தார். வந்தவர் உதட்டிலிருந்த ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆணியை எடுத்துவிட்டு அவர் பேசுவதைக் கடையில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

"யம்மாடி! இங்க வந்து பாரு."

மருமகள் வந்து அவர் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

கிட்டத்தில் சேறாக இருந்தது இங்கிருந்து வானமாகிவிட்டது. மேகம் வயிறு தொங்க மலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, புல் படுத்துக்கிடந்தது. காற்றின் சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது. கீழே ஓடை பழுப்பாக நுரைத்து ஓடியது. அதன் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. பாலம்.

பாலத்தின் நட்டநடுவில் ஒரு மஞ்சள் தீற்றல்.

"அந்த மஞ்சள் இருக்கே, அதுதான் மொத்தப் படத்தையும் தூக்கி நிறுத்துது," என்றார் ஆணி. "விரலால மறைச்சுப் பாரு, படமே செத்துடும். இதை வெக்கணும்னு தோணுச்சே அந்த மனுஷனுக்கு!"

மருமகளுக்கு அவர் பேசியது கேட்கவில்லை.

மஞ்சள் மழைக்கோட்டு. அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். "இதைப் போட்டா நான் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கேன்," என்று கண்ணாடி முன்னால் நின்று அவன் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அன்று காலை கதவை அறைவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அதை உருவிக்கொண்டுதான் போனான். இங்கிருந்து பார்த்தால் தலை எது, தோள் எது என்று தெரிந்தது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பான். அப்படியே நின்றான்.

சும்மா ஒரு நிறத்துக்காகப் போட்டிருப்பாரோ? இல்லை. அதற்கு வழியே இல்லை. மாமனாரைப் பற்றி ஊருக்கே தெரியும். பார்த்ததைத்தான் போடுவார், பார்த்த இடத்தில் நின்றுதான் போடுவார். வீட்டுக்கு வந்து ஒரு புள்ளி வைக்கமாட்டார். வரைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்ட ஒரு மாடு, பின்னங்கால் இல்லாமல் இன்னும் அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. கால்தானே மாமா, போட்டுவிடக் கூடாதா என்று அவளே கேட்டிருக்கிறாள். "நான் பாக்கலையேம்மா," என்றார்.

பாலம் அன்றைக்குத்தான் போனது. அப்படியானால் அன்றைக்கு அவன் அங்கே நின்றிருக்கிறான். மாமா பார்த்திருக்கிறார்.

அவர் என்னை விட்டுட்டுப் போகலை. முதலில் அவள் மனதில் வந்தது அதுதான். ஒரு நொடி நெஞ்சு லேசாகிச் சந்தோஷம்கூட வந்துவிட்டது. அடுத்த நொடியே அதன் அர்த்தம் உறைத்தது. விட்டுவிட்டுப் போகாதவன் இத்தனை நாள் வராமல் இருக்கிறான் என்றால்... சந்தோஷப்பட்ட மனதைச் செருப்பால் அடிக்கலாம்போல இருந்தது அவளுக்கு.

"என்னம்மா, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

"ஒண்ணுமில்லை. ஆட்டோ கூப்பிடுங்க," என்றாள்.

மடியில் படத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் பஸ் ஸ்டாண்ட். ஆட்டோ நெரிசலில் சிக்கி நின்றது. கம்பத்தடியில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள், தோளில் சால்வை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட போட்டோ. ஒரு கண்டக்டர் அதைச் சரியாகப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. அவள் போட்டோவைச் சால்வையில் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள்.

'அத்தை தினமும் கிளம்பிப் போறதை அந்த மனுஷன் தினமும் பாத்துட்டுதானே உக்காந்திருந்தாரு!' மருமகள் படத்தின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு ஹாலில் நாற்காலியின் மேல் படத்தைச் சாய்த்து வைத்தாள். துணியை உருவினாள்.

"மாமா, இங்க வாங்க."

மாமனார் கைத்துணியோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

"எதுக்குப் பிரிச்சு வெச்சிருக்கே? வேன்காரன் வர்ற நேரம்."

"பாலத்து மேல இருக்கிறது யாரு மாமா?"

"யாரும் இல்லைம்மா. அங்க ஒரு வெளிச்சம் தேவைப்பட்டுச்சு. அதுக்காக ஒரு கலர்..."

"மாட்டுக்குப் பின்னங்கால் வைக்காத மனுஷன் நீங்க."

அவர் ஹாலில் தொங்கிய மாட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவள் விடுவதாக இல்லை.

"அவர் என்கூடச் சண்டை போட்டுட்டு எங்கேயும் ஓடிப்போகலை. அங்க வந்தாரு. வந்தாரா இல்லையா? சொல்லுங்க மாமா!"

"வந்தான்," என்றார்.

இத்தனை மாதமாகக் காத்திருந்த சொல். கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிடத்தாம்மா வந்தான். மழை பிடிச்சிடுச்சு. பாலத்துக்கு நடுவுல வந்து நின்னு, அப்பா, தண்ணி ஏறுது, இறங்கி வாங்கன்னு கத்தினான். அவ்வளவு நேரமா அந்தப் படம் எனக்கு வசப்படவே இல்லை. எல்லாம் ஒரே கறுப்பா, கண்ணு எங்க நிக்கிறதுன்னே தெரியாம கிடந்துச்சு. அவன் வந்து நின்னான் பாரு, அந்த மஞ்சள்..."

நிறுத்தினார்.

"நின்னாரு. அப்புறம்?"

"கையைத் தூக்கினேன்."

மருமகளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி ஏறுதுன்னு அவரே சொல்றாரு, நீங்க நிக்கச் சொன்னீங்களா?"

"ஒரு நிமிஷம்தாம்மா! ஒரே ஒரு நிமிஷம் நின்னா போதும்னு பாத்தேன். அவனும் நின்னான். என் சிலை ஆச்சே. நான் குனிஞ்சு மஞ்சளைக் குழைச்சேன், நிமிர்ந்தேன், வெச்சேன். மறுபடி குனிஞ்சேன். மறுபடி நிமிர்ந்தப்போ பாலம் இல்லை."

"பாலம் இல்லைன்னா?"

"கரைக்கு ஓடியிருப்பான்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன், சத்தியமா. மலைப்பாதையைச் சுத்தி வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அத்தை வாசல்ல நின்னு, பிள்ளையைப் பாத்தீங்களான்னு கேட்டா. இல்லைன்னு வாய் சொல்லிடுச்சு. ஒரு தடவை சொன்னதை அப்புறம் எப்படி மாத்துவேன்? போலீஸ் வந்தப்பவும் அதேதான் வந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஓடையில தேடியிருப்பாங்களே! எங்கேயாவது ஒதுங்கிக் கிடந்திருந்தா? உசிரோட கிடந்திருந்தா?"

அவர் கைத்துணியால் கண்ணைத் துடைத்தார். வயதான மனிதர் அழுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். அவளுக்கு இளகவில்லை.

"இந்தப் படத்தை ஏன் வெச்சிருந்தீங்க? கொளுத்தியிருக்கலாமே?"

"எத்தனையோ தடவை கத்தியை எடுத்தேன். கை வரலை." அவர் படத்தைப் பார்த்தார், அழுதுகொண்டேதான் பார்த்தார். "நல்லா வந்துடுச்சும்மா. என் ஆயுசுல இப்படி ஒண்ணு வந்ததில்லை. வீட்டுல வெச்சுப் பாக்கவும் முடியலை, அழிக்கவும் முடியலை. அதான் எங்கேயாவது போகட்டும்னு..."

வாசலில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது.

மாமியாரின் பை. பை படியில் கிடக்க, அவள் நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவள் உள்ளே ஓர் அடி வைத்தாள்.

மாமனாரின் கை எழுந்தது. உள்ளங்கையைக் காட்டி, அங்கேயே நில் என்று. வேண்டுமென்று செய்தாரா, ஆயுள் முழுக்கப் பழகிய கை தானாக எழுந்ததா, அவருக்கே தெரிந்திருக்காது. அந்தக் கைக்காகப் பாலைப் பொங்கவிட்டவள், நாற்பது வருஷம் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றவள், இன்று நிற்கவில்லை. நேராக நடந்து வந்தாள், அவரைத் தாண்டிக்கொண்டு போய்ப் படத்தின் முன்னால் குனிந்தாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. எங்க இருக்கான்?"

"கிட்டத்துல தெரியாது அத்தை. இப்படிப் பின்னால வாங்க."

தோளைப் பிடித்து மருமகள் அவளைப் பின்னால் நடத்தினாள். சுவரோரம் வந்ததும் நிறுத்தினாள்.

மாமியார் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "தோளைச் சாய்ச்சுட்டு நிக்கிறான்," என்றாள். அதற்கு மேல் கேவல்தான் வந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. கண்காட்சி வேன்.

மாமனார் வாசலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போய் வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்," என்றார்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினாள். நேராக அவள் கண்ணைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிடிம்மா."

புயல் நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து மருமகளுக்கு வந்த முதல் வார்த்தை. மருமகள் ஒன்றும் கேட்காமல் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் தூக்கினார்கள். நல்ல கனம்.

வேன்காரன் பின்கதவைத் திறந்துவிட்டுக் கையை நீட்டினான். "குடுங்கம்மா, நான் வாங்கிக்கிறேன்."

மாமியார் நிற்கவில்லை. வேனைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். தெருக்கோடியில் போலீஸ் ஸ்டேஷன்.

"எங்க கொண்டு போறே?" மாமனார் படியில் நின்று கத்தினார். "பெயின்ட் காயலை! எங்க கொண்டு போறேன்னு கேக்கறேன்!"

"என் பிள்ளை எங்க நின்னான்னு கேட்டாங்களே, அவங்களுக்குக் காட்ட," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

வானம் மத்தியானத்திலிருந்தே மூடிக்கொண்டிருந்தது. பாதித் தெரு போவதற்குள் தூறல் போட ஆரம்பித்தது. மாமியார் நின்றாள். படத்தை முட்டியில் தாங்கிக்கொண்டு, தோளில் கிடந்த சால்வையை உருவி, பாலம் இருந்த இடத்தில் போர்த்தினாள். ஓரத்தைச் சட்டத்துக்குள் செருகினாள்.

"நனைஞ்சுடுவான்," என்றாள்.